மார்ஜின்காரரின் கடிதப் போக்குவரத்து

தெருவில் மார்ஜின்காரர் வீடு எது என்று கேட்டால்தான் காட்டுவார்கள். அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை, உழைத்துச் சம்பாதித்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அப்பாவின் லேபிள் அச்சகத்தில் மையில் புரண்டு வளர்ந்தவர் அவர். லேபிள் அடிப்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஒருநாள் மருந்துக் கடைக்காரர் இருமல் மருந்துப் புட்டிக்கு லேபிள் அடிக்கச் சொன்னார். நேரம் பாருங்கள், அந்த வருஷம்தான் நம் ஆளுக்கு அழகு பிடித்திருந்தது. சிலருக்குப் பேய் பிடிக்கும், இவருக்கு அழகு. லேபிளின் நாலு பக்கமும் தாராளமாக வெள்ளையாய் மார்ஜின் விட்டு, நடுவில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தை வைத்து அடித்துக் கொடுத்தார். மருந்துக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடையில் பூதக்கண்ணாடி இரவல் வாங்கி வந்து பார்த்தார்.

"எத்தனை வேளை குடிக்கணும்னு எங்கய்யா போட்டிருக்க?"

"கடைசி வரியில இருக்கு பாருங்க. படிக்கிறது அப்புறம். முதல்ல கண்ணு கொஞ்சம் மூச்சு விடணும்ல."

"கண்ணு மூச்சு விடும்யா. இருமறவன் மூச்சு விட வேண்டாமா?"

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், இன்றுவரை உரியவில்லை.

அழகு எங்கே பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காகித வியாபாரிகள் நடத்திய கண்காட்சி ஒன்றுக்குப் பசை விசாரிக்கப் போயிருந்தார். ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புத்தகம் படுத்திருந்தது. கையால் செய்த காகிதத்தில், கையால் எழுத்துக் கோத்து, கைப்பிரஸ்ஸில் அடித்த புத்தகமாம். உலகத்திலேயே கொஞ்சம் பிரதிதான் உண்டாம். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு அம்மா, தூங்குகிற குழந்தையைப் புரட்டுகிற மாதிரி அதில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். பக்கத்தில் இருந்தது நாலே வரி, மிச்சமெல்லாம் வெறும் வெளி. தொடலாமா என்று கேட்டார். கூடாது என்றாள். படிக்கலாமா என்று கேட்டார். அதுவும் அவ்வளவாக வழக்கமில்லை என்கிற மாதிரி சிரித்தாள். நம் ஆளுக்கு அங்கேயே புத்தி கழன்றுவிட்டது. பசை வாங்காமல் வீடு திரும்பினார்.

"வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி வேணும்," என்றார் மனைவியிடம்.

"எதுக்கு?"

"புத்தகம் போடப் போறேன்."

"கையை நல்லா கழுவிட்டுப் போடுங்க, போதும்."

மூடிப்போன அச்சகம் ஒன்றிலிருந்து ஒரு கைப்பிரஸ்ஸும் ஈய எழுத்துப் பெட்டிகளும் வந்து பின்னறையில் இறங்கின. முன்னறையில் ஆஃப்செட் மெஷின். அதை ஓட்டும் பொறுப்பு மனைவி தலையில் விழுந்தது. சோப்பு உறை, பினாயில் லேபிள், செருப்புப் பெட்டி எல்லாம் முன்னறைச் சங்கதி. "முன்னறை நமக்குச் சோறு போடுது, பின்னறை நமக்குப் பேரு சேர்க்குது," என்பார் மார்ஜின்காரர்.

"சேர்ந்ததும் ஒரு குரல் குடுங்க. பாத்திரம் எடுத்துட்டு வரேன்," என்பார் மனைவி, மெஷினுக்கு எண்ணெய் விட்டபடி.

இப்படி அழகு பிடித்தவர்கள் ஊருக்கு ஒருவர் வீதம் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்குள் ஒரு பழக்கம். ஆளுக்கு ஒரு தாள் அச்சடித்து மற்றவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புவார்கள். வாங்கியவர்கள் பாராட்டி எழுத வேண்டும். பாராட்டாதவருக்கு அடுத்த தடவை பாராட்டு கிடைக்காது. ஆகையால் அந்த வட்டாரத்தில் மோசமான அச்சு என்று ஒன்று இதுவரை நடந்ததே இல்லை.

அப்படி வந்த ஒரு தபாலில் பெரிய வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. அதன் நட்டநடுவில் ஒரே ஒரு எழுத்து. வேறொன்றுமில்லை. மார்ஜின்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைவிட அதிகமாக இடம் விடுகிற ஒருத்தன் இந்த உலகத்தில் இருக்கிறான்! அனுப்பியவர் வெளியூரில் இருக்கும் புத்தக வடிவமைப்பாளர் என்று அடியில் கண்டிருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தார். "ஒரு எழுத்துக்கு ஒரு தாளா? இந்த ஆளுக்குக் கண்டிப்பா தாடி இருக்கும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் பெயர் தாடி.

தாடிக்கும் மார்ஜின்காரருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. சாதாரணக் கடிதமில்லை. போனில் பேசுவதில்லை, பேனாவால் எழுதுவதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எழுதுவதை ஈய எழுத்தில் கோத்து, கைப்பிரஸ்ஸில் அடித்துத்தான் அனுப்ப வேண்டும். 'பேனாவில் பொய் சொல்லலாம், ஈயத்தில் சொல்ல முடியாது' என்று தாடி அடித்து அனுப்பியிருந்ததை மார்ஜின்காரர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

பொய் சொல்லவில்லைதான். சொல்லாமல் விட்டது வேறு விஷயம். மார்ஜின்காரர் தன்னைப் பதிப்பாளர் என்று எழுதினார். சோப்பு என்கிற சொல் ஒரு கடிதத்திலும் தலைகாட்டாமல் பார்த்துக்கொண்டார். தாடியும் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்கிறார் என்று வாய் திறக்கவில்லை. கலைஞன், காற்றைக் குடித்து வாழ்வான் போலிருக்கிறது என்று இவர் மரியாதையோடு நினைத்துக்கொண்டார்.

ஒரு கடிதம் கோத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். வந்து சேர்ந்த எழுத்துப் பெட்டியில் கேள்விக்குறி இரண்டுதான் உருப்படியாக இருந்தது. அதனால் ஒரு கடிதத்தில் இரண்டு சந்தேகத்துக்கு மேல் அவருக்கு வராது. வந்தாலும் அடக்கிக்கொள்வார்.

முன்னறையிலும் ஒரு போக்குவரத்து நடந்துகொண்டுதான் இருந்தது. சோப்புக் கம்பெனிக்கு உறை வரைந்து தரும் ஒருவரோடு மனைவி போனில் பேசுவார். குரல் மட்டும்தான் பழக்கம், அடித்த மாதிரிக் கட்டுகள்கூடக் கம்பெனி வழியாகத்தான் அவருக்குப் போகும். சோப்புத் தம்பி என்று அவருக்குப் பெயர்.

"தம்பி, பச்சை தூக்கலா நிக்குது."

"குறைச்சு அனுப்பறேன் அக்கா."

அவ்வளவுதான் அந்தக் கடிதப் போக்குவரத்து. போனை வைக்கும்போது வேலை முடிந்திருக்கும். இதில் என்ன கலை இருக்கிறது என்று மார்ஜின்காரர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

இந்த நிலைமையில்தான் மச்சான் வந்து சேர்ந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக அந்தப் பெட்டிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைத்திருந்தார். எல்லாம் துண்டு துண்டு. ஏறும்போது பாதியில் இருக்கிற பேச்சு, இறங்கும்போதும் பாதியில்தான் போகும். எல்லார் கதையும் அவருக்கு நடுவிலிருந்துதான் தெரியும். நாலாவது மாடிக் கணக்கர் ஒருநாள் கூட வந்தவரிடம், 'ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு டாக்டர் என்ன சொன்னாருன்னா' என்று ஆரம்பித்திருக்கிறார். கதவு திறந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார். டாக்டர் என்ன சொன்னார் என்று மச்சானுக்கு இன்றுவரை தெரியாது. 'மனுஷர் தினமும் வேலைக்கு வருவதால் மோசமாக ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்' என்று எழுதி முடித்திருந்தார்.

"மாப்ள," என்றார் மச்சான், தாள்களை நீட்டி. "அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட். அன்னைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் குடுப்பாங்க. எல்லாருக்கும் அதான் குடுக்கறது. வாங்கிட்டு, பதிலுக்கு நான் ஆளுக்கொரு புத்தகம் குடுக்கணும். இத்தனை வருஷம் என் முதுகை மட்டும் பார்த்தவங்க. இவனுக்குக் காதும் இருந்துச்சுன்னு தெரியட்டுமே."

"செஞ்சுடலாம் மச்சான். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி."

"நான் இன்னைக்கே கட்டடம் பூரா சொல்லிட்டேன் மாப்ள. மாடி மாடியா நிறுத்திச் சொல்லியிருக்கேன். என் மானத்தை வாங்கிடாதீங்க."

மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். "அண்ணா, முன்னறையில குடு. நான் அடிச்சுத் தரேன்."

"சோப்பு உறை அடிக்கிற மெஷின்லயா?" மார்ஜின்காரருக்கு உடம்பே கூசியது. "இது இலக்கியம்."

இலக்கியம் என்ற சொல்லைக் கேட்டதும் மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. அத்தோடு அவர் விதி பின்னறைக்கு எழுதப்பட்டது.

வேறு ஒரு ஊரில் பருத்தித் துணியை ஊறவைத்துக் கூழாக்கிக் கைக் காகிதம் செய்யும் அம்மா ஒருவரிடம் காகிதத்துக்குச் சொல்லி வைத்தார்கள். வெயில் காலத்தில் மட்டும்தான் அந்த அம்மா காகிதம் போடுவார். மழையில் துணியும் காயாது, தாளும் காயாது. வந்த காகிதத்தை மார்ஜின்காரர் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இந்தக் காகிதத்தைப் பற்றி வேறு காகிதத்தில் எழுதுவது துரோகம் என்று தாடி அபிப்பிராயப்பட்டார். புத்தகத்தைப் பற்றிய பேச்செல்லாம் புத்தகம் வரப்போகிற தாளிலேயே நடந்தால்தான் கண்ணும் கையும் பழகுமாம். இவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாதிக் கட்டைக் கட்டி அவருக்கு அனுப்பிவைத்தார்.

பிறகு நடந்ததுதான் போக்குவரத்து.

பக்க எண்ணை மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்று இவர் கேட்டார். லிஃப்டைப் பற்றிய நூல் ஆதலால் பக்கத்தோடு பக்கமாக அதுவும் ஏற வேண்டும் என்று தாடி பதில் அடித்தார். இரண்டாம் பக்கத்தில் அடியில் நிற்கும் எண் கடைசிப் பக்கத்தில் உச்சியில் நிற்கும். முதல் பக்கத்துக்கு எண்ணே கிடையாது, அது தரைத்தளம். இந்த மேதைமையைப் பாராட்டி இவர் ஒரு தாள் அடித்தார். பாராட்டுக்கு நன்றி கூறி அவர் ஒரு தாள் அடித்தார். நன்றிக் கடிதத்தின் மேல் ஓரம் கொஞ்சம் குறுகலோ என்று இவர் தயங்கித் தயங்கிச் சுட்டிக்காட்டினார். அதே வாசகத்தை மூன்று விதமான ஓரத்தோடு மூன்று தாளில் அடித்து, எது பிடிக்கிறது என்று அவர் கேட்டு அனுப்பினார். மூன்றுமே பிடித்திருந்ததை இவர் மூன்று தாளில் தெரிவித்தார். ஒரு பக்கம்தான் அடிப்பார்கள். மறுபக்கத்தில் அடித்தால் எழுத்தின் தடம் முன்பக்கத்து அமைதியைக் கெடுக்குமாம்.

காகிதம் அங்கே எவ்வளவு மிச்சம் என்று இவருக்கு நடுவில் ஒருமுறை தோன்றியதுண்டு. ஆனால் அந்தக் கடிதத்தில் இரண்டு கேள்விக்குறியும் பக்க எண்ணுக்கே செலவாகிவிட்டது.

ஒருநாள் மச்சான் வந்தபோது மார்ஜின்காரர் மாதிரி அட்டைப் பக்கம் காட்டினார். மச்சான் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எம் பேரு எங்க மாப்ள?"

"இருக்கு மச்சான். இப்படிச் சாய்ச்சு வெளிச்சத்துல பிடிங்க. மை போடாம வெறுமனே அழுத்தியிருக்கோம். தடவுங்க, தெரியும்."

மச்சான் தடவினார். "லிஃப்ட்லயும் நான் இருக்கறது யார் கண்ணுக்கும் தெரியாது மாப்ள. அதை அப்படியே கொண்டு வந்துட்டீங்க."

'ஆசிரியர் நெகிழ்ந்துவிட்டார்' என்று மார்ஜின்காரர் தாடிக்கு ஒரு தாள் அடித்தார்.

ஒருவழியாக எல்லாம் முடிவாயிற்று. மச்சான் ரிட்டயராக இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மார்ஜின்காரர் கையைக் கழுவிக்கொண்டு, கையுறையும் மாட்டிக்கொண்டு (கடைசியில் ஒரு ஜோடி வாங்கித்தான் இருந்தார்), நூலை அச்சிடத் தொடங்குவதற்காகக் காகித அலமாரியைத் திறந்தார்.

அலமாரியில் கட்டைச் சுற்றி வந்த பழுப்பு உறை இருந்தது. உறைக்குள் கைவிரல்களால் எண்ணிவிடுகிற அளவுக்குத் தாள் இருந்தது.

"கரையான்! கரையான் அரிச்சுடுச்சு!" என்று கத்தினார்.

மனைவி வந்து பார்த்தார். அலமாரி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "அந்தக் கரையானை நான் தினமும் பார்க்கறேன். கண்ணாடி போட்டுக்கிட்டு, கையுறை மாட்டிக்கிட்டு நிக்கும்."

காகிதக்கார அம்மாவுக்குப் போன் போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டுகிற சத்தம் போனிலேயே கேட்டது. "இப்பப் போட்டா காகிதமா வராது, காளான்தான் வரும். அவ்வளவு தாளையும் என்னய்யா பண்ணீங்க, தின்னீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

தாடியிடம் பாதிக் கட்டு இருக்கிறதே! மார்ஜின்காரருக்கு உயிர் வந்தது. கோத்து, அடித்து, விரைவுத் தபாலில் கேட்டார்: தங்களிடம் மீதி உள்ளதா? பதிலும் விரைவாகவே வந்தது. பெரிய தாள். நடுவில் இரண்டு சொல்: மீதி இல்லை.

என்ன ஒரு அமைப்பு, கீழே எவ்வளவு வெளி என்று முதலில் ரசித்தார். பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறி, அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா மச்சான் வாசலில் தலையை நீட்ட வேண்டும்?

"மாப்ள, ஒன்பதாவது மாடி மேனேஜரம்மாகூட இன்னைக்குக் கேட்டாங்க, 'புத்தகம் எப்போ'ன்னு. அந்தம்மா என்கிட்ட மாடி நம்பரைத் தவிர வேற ஒரு வார்த்தை பேசினதில்ல. எந்த அளவுல இருக்கு?"

"அச்சுல இருக்கு மச்சான்," என்றார் மார்ஜின்காரர். ஈயத்தில் கோக்க வேண்டியிராததால் பொய் சுலபமாக வந்தது.

மச்சான் போனதும் மனைவி வந்து எதிரே நின்றார். "இங்க பாருங்க. எங்கண்ணன் அந்தக் கடிகாரத்தை வாங்கிட்டு வெறுங்கையோட லிஃப்ட்ல நின்னாருன்னா, பின்னறைக்குப் பூட்டு போட்டுச் சாவியை மெஷின்ல குடுத்து நசுக்கிடுவேன்."

அவர் சொன்னால் செய்வார்.

மார்ஜின்காரருக்கு ஒரு வழிதான் தெரிந்தது. இத்தனை காலமும் போய் வந்த கடிதங்களில் பின்பக்கம் வெள்ளையாகத்தானே கிடக்கிறது? தாடி அனுப்பியது இங்கே இருக்கிறது. இவர் அனுப்பியது அங்கே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வெட்டிப் பின்பக்கத்தில் அடித்தால் சில பிரதியாவது தேறும். ஆனால் அதைத் தபாலில் கேட்டால் இருக்கிற தாளும் தீர்ந்துவிடும். நேரிலேயே போய்விடுவது என்று காலை பஸ் பிடித்தார்.

தாடியின் வீடு சைக்கிள் கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போகும் மாடி. கதவைத் திறந்தவருக்குத் தாடி இல்லை. மழுமழுவென்று சவரம் செய்த முகம், கட்டம் போட்ட சட்டை.

"நான்தான்..." என்றார் மார்ஜின்காரர். மதிப்புக்குரிய என்று தொடங்கி மூன்று வரிக்கு விளிக்கத் தெரிந்த மனிதருக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"ஓ. நீங்களா," என்றார் தாடி. அவர் சரக்கும் தீர்ந்தது.

இருவரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், இன்னொருவர் அதன் நிழலைப் பார்த்தார். ஈயத்திலேயே பேசிப் பழகியவர்களுக்கு நாக்கு எங்கே வைத்தது என்று மறந்துவிட்டது. அறையின் ஒரு மூலையில் எதையோ அவசரமாகப் போர்வை போட்டு மூடியிருந்தது. போர்வைக்குக் கீழே ஒரு கட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. நீலக் கயிறு, இரட்டைச் சுற்று, ஓரத்தில் ஒரு சுருக்கு. அந்த முடிச்சை மார்ஜின்காரர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறார். அவிழ்க்கவே முடியாது, வெட்டத்தான் வேண்டும். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படிக் கட்டுவார்.

அவர் எழுந்து போர்வையை இழுத்தார். எலுமிச்சை சோப்பு உறை, கட்டுக் கட்டாக.

"அது வந்து," என்றார் தாடி, முகம் சிவந்து. "சும்மா, வயித்துப்பாட்டுக்கு. யார்கிட்டயும் சொல்றதில்ல."

அப்போது போன் அடித்தது. தாடி எடுத்தார். எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரில் கை பட்டு, குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தம்பி, இந்தத் தடவையும் அந்த மஞ்சள், காமாலை கண்டவன் கண்ணு மாதிரி இருக்கு. மாத்து."

மார்ஜின்காரர் போனைப் பக்கத்தில் இழுத்தார். "நான்தான் பேசறேன்."

"நீங்களா? தாடி வீட்டுக்குத்தானே போனீங்க? சோப்புத் தம்பி வீட்ல என்ன பண்றீங்க?"

"ரெண்டும் ஒரே வீடுதான்."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு வெடித்தது. மெஷின் நின்றபிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

"அப்ப பதிப்பாளர்ங்கறது... அக்கா வீட்டுக்காரரா?" என்றார் தாடி, பரிதாபமாக.

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒளிச்சு வெச்சது என்னைத்தானா?" என்றது போன். "நல்லா இருங்க. இப்ப யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லுங்க. எங்கண்ணன் புத்தகத்துக்குத் தாள் இருக்கா, இல்லையா?"

"இல்லக்கா."

"ரெண்டு வார்த்தை. இதைச் சொல்ல எத்தனை தாள் ஆச்சு உங்களுக்கு? சரி. கம்பெனிக்காரங்க வேணாம்னு விட்ட உறைத்தாள் மிச்சம் இங்க கிடக்கு. ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. அதுல அடிச்சுடலாம். தம்பி, சட்டைப்பையில போற அளவு. இன்னைக்கே பக்கம் போட்டு அனுப்பு."

"அக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். ஆசிரியர் பேரு மட்டும் மை இல்லாம..."

"மை இல்லாமயா? அப்ப மெஷினையும் கரன்ட் இல்லாம ஓட்டட்டுமா? எங்கண்ணன் பேரு கறுப்பா, கட்டை எழுத்துல, தெருவுலேர்ந்து படிக்கிற மாதிரி வரணும்."

"பக்க எண் மேலேறிப் போறது..." என்று மார்ஜின்காரர் மெதுவாக நுழைந்தார்.

"அது நல்லாருக்கு, வெச்சுக்கோங்க," என்றது போன் எதிர்பாராத விதமாக. "மார்ஜினைத்தான் குறைக்கணும். அவ்வளவு வெள்ளைக்குத் தாள் இல்ல."

அந்த வாக்கியம் மட்டும் மார்ஜின்காரர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனால் மச்சான் முகம் நினைவுக்கு வந்தது. தலையாட்டினார். போனுக்குத் தலையாட்டினால் தெரியாது என்பதால், "சரி," என்றும் சொன்னார்.

புத்தகம் வந்துவிட்டது. பின்னறையும் முன்னறையும் சேர்ந்து வேலை பார்த்தன. தாடி, ஒரு வார்த்தையும் அச்சடிக்காமல், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் பண்ணினார். மார்ஜின்காரர் தைத்தார். அவசரத்தில் சில பிரதிகள் கோணலாக வெட்டுப்பட்டன. அது மனைவி வெட்டியது. அதைச் சொல்லிக்காட்டும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை. இன்னொன்றும் ஆனது. உறைத்தாள் இங்கே வருமுன் கம்பெனியில் சோப்போடு ஒரே கிடங்கில் கிடந்தது போலிருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் எலுமிச்சை வாசம் மூக்கில் அடித்தது. அதை மனைவியும் எதிர்பார்க்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தார்.

ரிட்டயராகும் நாளில் மச்சான் கடிகாரத்தை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். நேராக லிஃப்டுக்குள் வந்து, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் கொடுத்தார். கூட்டத்தில் நசுங்கி மூலையில் நின்றார் மார்ஜின்காரர். யார் கையில் கோணல் பிரதி போகிறது என்று பார்த்துப் பார்த்து அவருக்கு வேர்த்தது.

முதலில் வாங்கியவர் மோந்து பார்த்தார். இரண்டாமவரும் மோந்து பார்த்தார். மச்சான் முகம் லேசாக வாட ஆரம்பித்தது. நாலாவது மாடி வந்தது. கதவு திறந்தது. நரைத்த தலையோடு ஒருவர், புத்தகத்தில் கண்ணை வைத்தபடி நின்றவர், இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

"சார், உங்க மாடி," என்றார் மச்சான்.

கணக்கர் நிமிர்ந்தார். "இது நானா?"

"ஆமா சார்."

"இதை இத்தனை வருஷமா ஞாபகம் வெச்சிருக்கீங்களா?"

"மறக்க முடியல சார். டாக்டர் என்னதான் சொன்னாரு?"

கணக்கர் வாய்விட்டுச் சிரித்தார். "உடம்புல ஒண்ணுமில்ல, கொஞ்சம் பேச்சைக் குறைங்கன்னு சொன்னாருய்யா!"

லிஃப்ட் முழுக்கச் சிரித்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை சார். எத்தனையோ நாள் எனக்குத் தூக்கமே இல்ல."

"உங்க பிரதியைக் குடுங்க. அந்த முடிவை நானே எழுதித் தரேன்," என்று கணக்கர் பேனாவை எடுத்தார். பக்கத்தின் ஓரத்தில் எழுத ஆரம்பித்து, மூன்றாவது வார்த்தையிலேயே முட்டிக்கொண்டு, புத்தகத்தைச் சாய்த்து ஓரத்தோடு மேலே எழுதிக்கொண்டு போனார். அங்கேயும் இடமில்லை. கடைசி வார்த்தை அவர் கட்டைவிரலில் முடிந்தது.

ஒன்பதாவது மாடி மேனேஜரம்மாவும் எட்டிப் பார்த்தார். "என்னுதும் இதுல இருக்கு. பாதியில நிக்குது. குடுங்க, மீதியை எழுதறேன்." பேனா ஓரத்தைத் தேடித் தேடி அலைந்தது. "எழுத எடமே இல்லையே! யாருங்க இதை அச்சடிச்சது? நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டாமா?"

மூலையில் நசுங்கிக் கிடந்த மார்ஜின்காரர் நெஞ்சை நிமிர்த்த முயன்றார். நிமிர்த்த இடமில்லை. இருந்தாலும் எப்படியோ கையை விடுவித்து, மனைவிக்குப் போன் போட்டு, அதைக் கூட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்.

"அம்மா, அதைத் தயவுசெஞ்சு இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க," என்றார்.

அந்த அம்மா சொன்னார். போனில் மெஷின் சத்தம் நின்றது.

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் மனைவி. "அண்ணன் முகம் எப்படி இருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல."

மச்சான் கடிகாரத்தை முக்காலியில் சாத்திவிட்டு, இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஆள் முண்டியடித்து அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்த மாடியில் யார் இறங்க வேண்டும் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. லிஃப்ட் பாட்டுக்கு மேலே போய்க் கீழே வந்தது.

"நல்லா இருக்கு," என்றார் மார்ஜின்காரர்.

"அப்ப சரி. அடுத்த தடவை அடிக்கும்போது கொஞ்சம் விடலாம். கொஞ்சம்தான்."

இடம் போதவில்லை என்று ஜனங்கள் வாயாரக் குறைசொல்லி அவர் கேட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். மருந்துக் கடைக்காரரை அழைத்து வராமல் போனோமே என்று ஒன்றுதான் அவருக்கு வருத்தம்.